மைக்கைச் சுற்றி ஆடிய கூத்து

இசையும் ஒலிப்பதிவும் படிக்கவென்று பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, "அக்கா, எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். ஓய்வுபெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. பாரிஸில் நம் கடைகள் இருக்கும் லா ஷப்பலில் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் யாராவது ஒருவர் தொலைபேசியில் படத்தைக் காட்டிக் கேட்கிறார். மைக்கைப் பற்றி அதைச் செய்பவர்களே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன். எல்லாவற்றையும் படித்தபடி சரியாகச் செய்த பிறகும் ஒலி வராமல் போகும் ஒரு நாள் உங்களுக்கும் வரும். எனக்கு அது இறுதிப் பரீட்சை அன்றே வந்தது.

அந்தப் படிப்பில் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் வீடு, இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூடமொன்றின் கன்டீனில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலின் தமிழ்ப் பூசையில் பாடுவேன். ஒருமுறை எங்கள் பாடற்குழுவை யாரோ பதிவு செய்து கொடுத்தார். வீட்டில் போட்டுக் கேட்டேன். கோயிலில் உடம்பு சிலிர்க்கப் பாடிய பாட்டு, தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ முனகுவதுபோலக் கேட்டது. நாங்கள் பாடியது எங்கே போய்விட்டது என்று எனக்கு விளங்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன். வேறு பெரிய இலட்சியம் எதுவும் இருக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் அடுப்படியை ஒருமுறை பார்த்தார். பிறகு, "படி. சமையலை நான் பாக்கிறன். உப்புக் கூடினால் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது" என்றார். அப்படியே நடந்தது. உப்பு பல நாள் கூடியது. நாங்கள் வாய் திறக்கவில்லை.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் இசைப்பள்ளியில் சின்ன வயதிலிருந்து படித்துவிட்டு வந்தவர்கள். அவர்கள் தோளில் செலோப் பெட்டியோடு வருவார்கள். நான் பையில் கன்டீன் ஏப்ரனோடு போவேன். ஒலிப்பதிவு சொல்லித் தந்தவர் ஒரு பெண் பேராசிரியர். பெயர் வேண்டாம். நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அரங்குக்குள் வந்ததும் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு மூலை மூலையாக நடந்து காது கொடுப்பார். "கருவியை வைக்கும் முன் காதை வையுங்கள்" என்பார். அவருக்கு என்மேல் இரக்கம் எதுவும் கிடையாது. மற்றவர்களைத் திட்டும் அளவுக்கே என்னையும் திட்டினார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்தது.

இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஒரு குழுவைத் தேர்ந்து, பல்கலைக்கழக அரங்கில் பதிவு செய்ய வேண்டும். எந்த மைக் எங்கே நிற்கும் என்ற திட்டத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அன்று பிற்பகல் ஒத்திகை, பிறகு நடுவர்கள் வந்து பதிவறையில் இருந்து கேட்க, ஒரே தடவையில் முழுப் பதிவு. நின்று திரும்பத் தொடங்க முடியாது. நடுவர்களில் ஒருவர் வானொலியில் இசை நிகழ்ச்சி செய்பவர். அவருக்குப் பிடித்த பதிவு ஒலிபரப்பாகும். தவறினால் அடுத்த வருடம் முழுவதும் மறுபடி. மற்றவர்களுக்கு அது வெறும் சலிப்பு. எனக்கோ, கன்டீன் பொறுப்பாளர் அந்தக் கோடை வரைக்கும்தான் வேலை நேரத்தை மாற்றித் தந்திருந்தார். இன்னொரு வருடம் என்பது எங்கள் வீட்டில் நடக்கிற காரியமில்லை.

மற்றவர்கள் வயலின் குழு, பியானோ, ஜாஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் கூத்து என்று எழுதிக் கொடுத்தேன்.

லா ஷப்பலில் மரக்கறிக் கடையொன்றில் வேலை செய்த அருளப்பு அண்ணைதான் அந்தக் கூத்துக் குழுவை நடத்தினார். மன்னார்ப் பக்கத்துக்காரர். புனிதர்களின் கதையை ஆடிப் பாடும் கத்தோலிக்கக் கூத்து அது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலின் கீழ்மண்டபத்தில் கதிரைகளைத் தள்ளிவிட்டு ஆடுவார்கள். கடையில் நிற்கிறவர், ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவர், பஸ் ஓட்டுகிறவர் என்று எல்லாரும் இருப்பார்கள். சுற்றிச் சுற்றி வந்து, ஒருவர் பாட மற்றவர்கள் அதையே பிற்பாட்டாகத் திருப்பிப் பாடும்போது அந்த மண்டபத்தின் கண்ணாடி அதிரும்.

கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணை வெண்டிக்காய்ப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"பல்கலைக்கழகத்திலயோ? எங்களையோ?"

"ஓம் அண்ணை. பரீட்சைக்கு."

"பரீட்சை உனக்கு. தொண்டை எங்களுக்கு." சிரித்தார். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "தங்கச்சி, உண்மையைச் சொல்லு. வேற ஆக்கள் ஒருத்தரும் கிடைக்கேல்லையெண்டோ எங்களிட்டை வந்தனி?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. உங்களைவிடப் பெரிசாப் பாடுற ஆக்களை நான் இஞ்சை பாரிஸில கேக்கேல்லை."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப கடல் காட்சியைப் பாடுவம்" என்றார். புயலில் அகப்பட்ட தோணியில் இருப்பவர்கள் புனிதரைக் கூவி அழைக்கும் காட்சி அது. அவர்களிடம் இருந்ததிலேயே கடினமானதும் அதுதான்.

நான் திட்டம் வரைந்தேன். படித்தது எல்லாவற்றையும் அதில் போட்டேன். பாடுபவர்கள் இரண்டு வரிசையாகச் சபையைப் பார்த்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு மைக். மத்தளத்தின் சத்தம் மற்ற மைக்குகளுக்குள் போகாதபடி அதற்குப் பின்னால் தனி இடம், நடுவில் கண்ணாடித் தடுப்பு. மதாம் பார்த்துவிட்டு, "சுத்தமான திட்டம்" என்றார். அப்போது அது பாராட்டு என்று நினைத்தேன்.

பரீட்சை நாள் வந்தது. எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள். லா கூர்னெவ்விலிருந்து மத்தளக்காரர் யூட், மத்தளத்தைக் குழந்தைபோல மடியில் வைத்தே ரயிலில் வந்திருந்தார். எனக்கு உதவியாக வகுப்பிலிருந்து மத்தியு என்ற பையன் இருந்தான். கெட்டிக்காரன், வயர் போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. குழுவை வரிசையில் நிறுத்தினோம். ஒத்திகை தொடங்கியது.

பதிவறையில் கேட்டேன். ஒவ்வொரு குரலும் தெளிவாக வந்தது. மத்தளம் தெளிவாக வந்தது. ஆனால் கூத்து வரவில்லை. அருளப்பு அண்ணை பாடியதற்கும் பிற்பாட்டு விழுந்ததற்கும் நடுவில் ஒரு தயக்கம் இருந்தது. தாளம் தளர்ந்தது. புயலில் அகப்பட்ட தோணி இல்லை, குளத்தில் கட்டிப்போட்ட தோணி. மத்தியு, "நன்றாக வருகிறதே" என்றான். ஒலி அளவைக் காட்டும் மீட்டரைப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது.

அரங்குக்குள் ஓடினேன்.

அருளப்பு அண்ணை சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். கோபத்தை அடக்கிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. "தங்கச்சி, இது பாட்டில்லை. நாங்கள் போட்டோவுக்கு நிக்கிறம்" என்றார்.

பிலோ அக்கா அப்படிப் பேசுகிறவர் இல்லை. ஹோட்டல் வேலை முடித்து நேரே வந்திருந்தார், குழுவின் மிக உயரமான குரல் அவருடையது. அவர் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, எனக்கு முன்னால ஒருத்தரும் இல்லை. ஒரு தடிதான் நிக்குது. நான் ஆரைப் பாத்துப் பாடுறது?"

பிள்ளைகளே, அந்த ஒரு வாக்கியத்தில் என் திட்டம் முழுவதும் விழுந்தது. கூத்தில் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த வரியை எடுக்கிறார். காலடியைக் கேட்டுத்தான் தாளம் பிடிக்கிறார். யூட்டின் கை எழும்புவதைப் பார்த்துத்தான் மூச்சு இழுக்கிறார். நான் அவர்களைத் தனித்தனியாகப் பிரித்து, கண்ணை மறைத்து, காலைக் கட்டி நிறுத்திவிட்டு, தெளிவாகக் கேட்கிறது என்று மகிழ்ந்திருக்கிறேன். நம் தொழிலைப் பிரெஞ்சில் ஒலியை எடுத்தல் என்றே சொல்வார்கள். எடுக்கும் அவசரத்தில், அவர்கள் அதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதை நான் பார்க்கவில்லை.

நடுவர்கள் வர அதிக நேரமில்லை. பின்வரிசையில் மதாம் காலுறையோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் பார்வையைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். பரீட்சை நேரத்தில் உதவக் கூடாது என்பது விதி.

"மத்தியு, மைக் தடிகளை எல்லாம் எடுப்போம்."

அவன் என்னை ஏதோ காய்ச்சல் வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "ஜசிந்தா, உன் திட்டம் நடுவர்களின் கையில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள். இப்போது நடப்பது மோசமில்லை. பேசாமல் விட்டால் பாஸ்."

அவன் சொன்னது உண்மை. பேசாமல் விட்டிருந்தால் பாஸாகியிருப்பேன். இதைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். நெருக்கடி எப்போதும் தீப்பிடித்ததுபோல வராது. மோசமில்லை என்ற முகத்தோடும் வரும். கூட இருப்பவர் நல்ல மனதோடு, விட்டுவிடு என்பார். மீட்டரும் அதையே சொல்லும். அந்த நேரம் உங்கள் காது மட்டும் இல்லை என்று சொன்னால், நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள்?

பிள்ளைகளை நினைத்தேன், கன்டீனை நினைத்தேன், உப்புக் கூடிய கறியை நினைத்தேன். பிறகு முதல் தடியை நானே கழற்றினேன். மத்தியு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இரண்டாவதைக் கழற்றினான். அவனுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். நம்பாமலே உதவினான்.

மேடையின் நடுவில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, எல்லாத் திசையும் கேட்கும் மைக் ஒரு சோடி. அவ்வளவுதான். "அண்ணை, கோயில் மண்டபத்தில ஆடுற மாதிரியே ஆடுங்கோ. இதைச் சுத்தி வாங்கோ. இதை ஒரு ஆளா நினையுங்கோ" என்றேன்.

"சப்பாத்தோடயோ?"

"கழட்டுங்கோ. காலடியும் பாட்டுத்தானே."

அருளப்பு அண்ணையின் முகம் அப்படியே மாறியது. "இதை முதலே சொல்லியிருக்கலாமே!" என்று சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

மத்தளம் நடுவில் இருந்தால் எல்லாரையும் அமுக்கிவிடும். யூட்டை வட்டத்துக்கு வெளியே, சுற்றி வருகிற ஒவ்வொருவரும் அவர் கையைக் காணும் இடத்தில் உட்காரவைத்தேன். நான் மைக்குக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு நின்று, "இன்னும் கொஞ்சம் பின்னுக்கு அண்ணை, இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல, அவர் மத்தளத்தோடு உட்கார்ந்தபடியே பின்னுக்கு அரக்கிக்கொண்டு போனார். ஓரிடத்தில் மத்தளமும் குரலும் ஒன்றோடொன்று கைகோத்தன. "அங்கையே இருங்கோ!" என்று கத்தினேன். பதிவறையில் குமிழைத் திருகிச் செய்யும் வேலையை, மனிதரை நகர்த்திச் செய்தோம்.

அதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். ஒத்திகை பார்க்க நேரமில்லை. இரண்டொரு வரி மட்டும் பாடச் சொல்லி, ஒலி அளவைச் சரிசெய்தேன். மத்தியு வைத்த அளவிலிருந்து நன்றாகக் குறைத்தேன்.

"ஏன்? மிகவும் தாழ்வாக இருக்கிறதே."

"இப்போது பாதித் தொண்டையில் பாடுகிறார்கள். ஆட்களைக் கண்டால் இவர்கள் பாடுவது வேறு."

பதிவறையில் நடுவர்கள் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கையில் என் பழைய திட்டம். கண்ணாடி வழியாக மேடையைப் பார்த்துவிட்டுத் திட்டத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ தொண்டையைக் கனைத்தார். நான் திரும்பவில்லை. சிவப்பு விளக்கைப் போட்டேன்.

அருளப்பு அண்ணை முதல் வரியை எடுத்தார்.

அதை எப்படிச் சொல்வது? பிற்பாட்டு அந்த வரியின் வால் விழும் முன்னே எட்டிப் பிடித்தது. கால்கள் மேடைப் பலகையில் ஒன்றாக விழுந்தன. வட்டம் சுழலத் தொடங்கியது. பதிவறையின் ஒலிபெருக்கிப் பெட்டிகளில் குரல்கள் இடமிருந்து வலமாக, வலமிருந்து பின்னாக நகர்ந்தன. பலகைச் சத்தம் தோணியின் அடிப்பலகையில் அலை மோதுவதுபோல இருந்தது. நான் அதற்காக எதுவும் செய்யவில்லை. அவர்கள் செய்தார்கள், மைக் வழியில் நிற்காமல் இருந்தது.

புயல் ஏறியது. யூட்டின் மத்தளம் இரட்டித்தது. வட்டம் எதிர்த்திசையில் திரும்பியது. பிலோ அக்கா புனிதரைக் கூவி அழைக்கும் இடம் வந்ததும், வட்டத்தை விட்டு உள்ளே வந்து, மைக்கை நேருக்கு நேர் பார்த்து நின்றார். கோயில் மண்டபத்தில் அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. மீட்டர் குபீரென்று ஏறியது. மத்தியுவின் கை ஒலியளவுக் குமிழை நோக்கிப் பாய்ந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தொடாதே."

"ஒலி வெடிக்கப்போகிறது!"

"தொடாதே."

குறைத்திருந்தால் அந்தக் குரல் உச்சியில் நிற்கும்போதே பின்னுக்குப் போயிருக்கும். கேட்பவர்களுக்கு, யாரோ அவர் வாயைப் பொத்தியதுபோல இருந்திருக்கும். முன்பே அளவைக் குறைத்து நான் விட்டுவைத்த இடம் போதுமா என்று எனக்கும் நிச்சயம் இல்லை. மீட்டர் இன்னும் ஏறியது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே போய் நின்றது. குரல் முழுதாக, உடையாமல், அறையை நிரப்பியது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். நடுவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். திட்டக் காகிதங்கள் மடியிலிருந்து தரையில் விழுந்திருந்தன. வட்டம் சுற்ற, குரல் நகரும் பக்கமெல்லாம் அவர்களின் தலை தானாகவே திரும்பியது. தமிழில் ஒரு சொல் தெரியாதவர்கள் அந்தத் தோணியைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

பாட்டு நின்றது. கடைசிக் காலடியின் அதிர்வு அடங்கும்வரை நான் விளக்கை அணைக்கவில்லை.

வானொலிக்காரர்தான் முதலில் பேசினார். "உங்கள் திட்டத்தில் ஒரு காடு நிறைய மைக் இருக்கிறது. மேடையில் இரண்டுதான் காண்கிறேன். ஏன் மாற்றினீர்கள்?"

"அவர்களுக்குப் பார்த்துப் பாட ஒரு ஆள் தேவைப்பட்டது" என்றேன்.

நடுவர் தலைவர், "மறுபடி போடுங்கள்" என்றார். ஏதாவது பிழையோ என்று பயந்து, "எந்த இடத்திலிருந்து?" என்று கேட்டேன். "முதலிலிருந்து. புள்ளி போட்டாகிவிட்டது. இது எங்களுக்காக" என்றார்.

இரண்டாவது தடவை போட்டபோது குழுவையும் பதிவறைக்குள் கூப்பிட்டேன். வியர்வையோடு வெறுங்காலில் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். தங்கள் குரல் அந்தப் பெரிய பெட்டிகளில் வருவதை முதல்முறை கேட்டார்கள். பிலோ அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். யூட், "அது என்ரை கையோ?" என்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அருளப்பு அண்ணை மட்டும் ஆடாமல் அசையாமல் கேட்டார். முடிந்ததும் என் தலையில் கையை வைத்து, "இதுதான் நாங்கள்" என்றார். வகுப்பில் முதலிடம் என்று பிறகு அறிவித்தார்கள். எனக்கு உண்மையான முடிவு அந்தச் சொல்லிலேயே வந்துவிட்டது.

வெளியே நடைபாதையில் மதாம் காத்திருந்தார். "நீங்கள் தடியைக் கழற்றத் தொடங்கியதும் எழுந்து வந்து தடுத்துவிடுவேனோ என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்" என்றார். "தடுத்திருந்தால் நான் பிழை செய்திருப்பேன். இன்னொரு விஷயம். மூன்றாவது சரணத்தில் மத்தளம் ஒரு விரற்கடை கூடிவிட்டது." அது சரிதான். இன்றைக்கும் எனக்கு அந்த இடம் கேட்கிறது.

வானொலிக்காரர் போகிற போக்கில், திங்கட்கிழமை ஒரு கச்சேரிப் பதிவுக்கு ஆள் தேவை, வர முடியுமா என்று கேட்டார். கன்டீன் ஏப்ரனைத் துவைத்து மடித்துப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து அனுப்பினார். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஓய்வுபெறும்வரை நான் பதிவறைகளில்தான் இருந்தேன். பெரிய அரங்குகள், பெரிய பெயர்கள் எல்லாம் வந்தன. ஒவ்வொரு முறையும் மைக்கை எடுக்கும் முன் பாடுபவர்களிடம், வழக்கமாக எப்படி நிற்பீர்கள், யாரைப் பார்ப்பீர்கள் என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். பிறகு யோசித்துப் பதில் சொல்வார்கள். பாதி வேலை அந்தப் பதிலில் முடிந்துவிடும். நீங்களும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். கொடுத்த திட்டத்தை மாற்ற வேண்டிவந்தால் மாற்றுங்கள், ஆனால் காது சொன்னால் மட்டும். புதுமை காட்டவென்று மாற்றாதீர்கள்.

ஒலிபரப்பு ஒரு ஞாயிறு பிற்பகலில் நடந்தது. அன்று அருளப்பு அண்ணைக்குக் கடையில் வேலை. ஆகவே நாங்கள் எல்லாரும் கடைக்கே போனோம். முதலாளி வானொலியைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். கார்ஜிலிருந்தும் ஆர்ஜொந்தெயிலிருந்தும் குடும்பங்கள் வந்து நடைபாதை வரை நின்றன. பிரெஞ்சு அறிவிப்பாளர் அருளப்பு அண்ணையின் பெயரைப் படாதபாடு படுத்தினார். சனம் சிரித்தது. பாட்டுத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் அண்ணையின் மகள், காதிலிருந்த இயர்போனைக் கழற்றி, "பப்பா, ப்ளு ஃபோர்! இன்னும் சத்தமா!" என்று கத்தினாள்.

சனத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் முருங்கைக்காய்க் கட்டோடு வந்தார். புதுச்சேரிக்காரர், கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். கட்டை நீட்டியவர் அப்படியே நின்று கேட்டார். புயல் உச்சத்துக்கு ஏறியபோது தொப்பியைக் கழற்றினார்.

"மெசியே, யாருங்க இது பாடறது? எந்த ஊர்க் கோஷ்டி?"

அருளப்பு அண்ணை முருங்கைக்காயைத் தராசில் வைத்தபடி, "நான்தான்" என்றார். பிறகு வாசலில் நின்ற எங்களை எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்கள் ஐயா. லா ஷப்பல்."